உகாதிக்கு முந்தைய நாள்

ஆகஸ்டு மாதத்து அமாவாசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. ஹைமாவதி பெசரட்டுக்கு ஊறவைத்த பாசிப்பயறை அரைத்துக்கொண்டிருந்தாள். மேடையில் கிடந்த கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. மணி காலை பத்து முப்பத்தேழு. ‘உங்கள் வாசலில் யாரோ நிற்கிறார்கள்.’

கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். இரண்டு படிகள், கால்மிதி, கறிவேப்பிலைத் தொட்டி, அதற்கு அப்பால் வரிசையாக நின்ற கார்கள். ஆள் இல்லை. தொட்டியில் ஓர் இலைகூட அசையவில்லை.

அவள் கதவருகே போகவில்லை. மிக்ஸியை மறுபடி ஓட்டினாள். இது பதினான்காவது மாதம்.

அழைப்புமணியோடு சேர்ந்த அந்தக் கேமராவைப் பொருத்தியது மகள் லாஸ்யா. நியூ ஜெர்சியின் அந்தக் குடியிருப்பில் வாசலில் வைத்த பார்சல்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த சமயம் அது. லாஸ்யா மூன்று பேரையும் வாசலில் நிற்கவைத்து, இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பச் சொல்லி, முகங்களை அதற்குப் பழக்கினாள்.

“தெரிஞ்ச முகம்னா பேர் சொல்லும். தெரியாதவங்கன்னா யாரோன்னு சொல்லும்” என்றாள்.

“யாரோ வந்தா எனக்கென்ன? நம்ம ஆளுங்க வந்தா மட்டும் என் போன்ல சொல்லட்டும். மிச்சத்தை உங்கம்மா பாத்துக்குவா” என்றார் சேஷகிரி.

அப்படியே வைத்துக் கொடுத்துவிட்டாள். அதனால் அந்த யாரோ ஹைமாவுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

முதல் மூன்று மாதம் அவள் அணிலைச் சந்தேகப்பட்டாள். நான்காவது மாதம் மளிகைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த தெலுங்கு நாட்காட்டியைத் தற்செயலாகப் பார்த்தபோது, அன்றைய கட்டத்தில் கறுப்பு வட்டம் இருந்தது. பின்னால் புரட்டினாள். முந்தைய மூன்றும் கறுப்பு வட்டங்கள்தாம். பிப்ரவரியில் ஒருமுறை துணிந்து கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தாள். வெளியே விடிகாலையில் பெய்த பனி படி மேல் மாவு சலித்துக் கொட்டியதுபோலக் கிடந்தது. பத்து முப்பத்தேழுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. கதவைத் திறந்து பார்த்தாள். பனியில் ஒரு காலடிகூட இல்லை. ஆனால் யாரோ நெடுநேரம் நின்றுவிட்டுச் சற்று நகர்ந்துகொண்ட இடத்தில் ஏற்படுகிற ஒரு வெறுமை அங்கே இருந்தது. கதவை மூடிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அந்த நேரத்தை அவளுக்குத் தெரியும்.

*

பாபட்லாவிலிருந்து ஹைமாவதி வந்தபோது லாஸ்யாவுக்கு ஆறு வயது. குண்டூரில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். கணவனின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் ஏழு வருஷம் அவளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அனுமதி வந்ததும் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். மூன்றாம் வருஷம் அனுமதியைப் புதுப்பிக்கும் தாள் எட்டு மாதம் வராமல் இழுத்ததில் வேலை போயிற்று. தாள் வந்தபோது இடம் நிரம்பியிருந்தது. கூடத்தில் கொடுத்த வெள்ளை மேலங்கியை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அது மாடி அலமாரியில் தொங்குகிறது. சில மாலைகளில் விளக்குப் போடாமல் அலமாரியைத் திறந்தால் தன்னைத்தானே பார்த்துத் திடுக்கிடுவாள்.

பதினைந்து வருஷமாக அதே வாடகை வீடு. சோபா, விஜயவாடாவுக்குத் திரும்பிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போனது. சுவரில் ஓர் ஆணி கிடையாது. படங்கள் எல்லாம் தரையில் சாய்ந்து நின்றன. கறிவேப்பிலைக்குக்கூட எப்போதும் சின்னத் தொட்டிதான், தூக்கிக்கொண்டு போகிற அளவில். எதை வாங்கப் போனாலும் ஒரே பேச்சு: “அது வரட்டும், அப்புறம் பாக்கலாம்.” அது என்றால் க்ரீன் கார்டு, இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் அதற்குப் பெயரே அதுதான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன் சேஷகிரியின் கம்பெனி அவருக்காக முதல் தாளைப் போட்டது. அந்த நாள்தான் வரிசையில் அவர் இடம். மார்ச் இருபத்து மூன்று, அந்த வருஷத்து உகாதி. ஒவ்வொரு மாதமும் நடுவில் அரசாங்கம் ஒரு பட்டியல் போடும். எந்தத் தேதிக்காரர்கள் வரைக்கும் கதவு திறந்திருக்கிறது என்று அதில் இருக்கும். தேதி சில மாதம் ஒரு வாரம் நகரும். சில மாதம் நகராது. சில சமயம் பின்னால் போகும். அப்படிப் பின்னால் போன மாதங்களில் அந்தத் தெருவில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள்.

“நமக்கு முன்னாடி எத்தனை பேரு?” என்று ஹைமா எப்போதோ கேட்டாள்.

“யாருக்குத் தெரியும்? ஊருக்குத் திரும்பிப் போனவன் பேரும் அதுல இருக்கு, செத்தவன் பேரும் இருக்கு. எவன் இருக்கான், எவன் இல்லன்னு நம்ம முறை வரும்போதுதான் பாப்பாங்க. அதுவரைக்கும் எல்லாரும் வரிசையில நிக்கறவங்கதான்.”

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முதுகை உற்றுப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. மூச்சு ஏறி இறங்குகிறதா என்று.

சேஷகிரியோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவர் ஞானவேல், கரூர்க்காரர். நான்கு வீடு தள்ளி இருந்தார். இருவருக்கும் ஒரே வக்கீல் அலுவலகம், ஒரே வாரத்தில் போட்ட தாள். ஞானவேலின் தேதி மார்ச் இருபத்திரண்டு. பார்க்கும் இடமெல்லாம், தெலுங்கில் மரியாதையாகக் ‘காரு’ சேர்த்து, அதே கேலிதான்.

“சேஷு காரு, ஒரு நாள் சீனியருக்கு வணக்கம் வைங்க.”

“போய்யா, அமாவாசைல போட்டவனெல்லாம் சீனியராம்!”

“எங்களுக்கு அது நிறைஞ்ச அமாவாசைங்க. கடை திறப்போம், பொண்ணு பாப்போம். நீங்கதான் அன்னைக்கு வீட்டுக்குள்ள போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துக்கறீங்க.”

பதின்மூன்று வருஷமாகச் சேஷகிரி இதற்கு வயிறு குலுங்கச் சிரித்தார். ஹைமாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

அந்த வருஷம் உகாதிக்கு முதல் நாள், வியாழக்கிழமை, காலை பத்து முப்பத்தேழுக்குத்தான் வக்கீல் அலுவலகத்திலிருந்து டோனா என்கிற பெண் கூப்பிட்டாள். சேஷகிரி ஒரு வங்கிக்குள் வேலையாக இருந்தார். அங்கே கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் அவள் வீட்டு எண்ணுக்குப் பேசினாள். படிவம் தயார், எல்லாம் சரி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இன்றே போட்டுவிடுகிறேன் என்றாள். வங்கி வாசலில் ஒரு வரவேற்பு மேசை இருந்தது. அவசரம் என்று சொன்னால் அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஹைமாவுக்கு அது தெரியும்.

மறுநாளைக்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள் அவள். வேப்பம்பூ கிடைக்காமல் நான்கு கடை ஏறி இறங்கியிருந்தாள். இன்று அமாவாசை, நாளைக்கு வருஷப் பிறப்பு. யாராவது இன்று போய் ஆரம்பிப்பார்களா? அப்போது அவளுக்கு வந்த ஆங்கிலத்தில், “இன்று வேண்டாம். நாளை. நாளை நல்ல நாள்” என்றாள். டோனா சிரித்தாள். “நாளைக்கே போடலாம், ஒன்றும் ஓடிப்போகாது” என்றாள்.

இரவு சேஷகிரி வந்ததும், “நாளைக்குக் காலைல சரின்னு சொல்லணுமாம்” என்று மட்டும் சொன்னாள். அவருக்கு ஒரே சந்தோஷம். “உகாதி அன்னைக்கா! பாத்தியா, தானா அமையுது!”

அது அவ்வளவுதான். அப்போது எல்லாருக்கும் இரண்டு மூன்று வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள். ஒரு நாளில் என்ன?

*

பிள்ளைக்கு இருபத்தோரு வயது நிறைந்தால் பெற்றோரின் வரிசையிலிருந்து உதிர்ந்துவிடும். பிறகு அது தனியாள். தனக்கென்று ஒரு வேலை தேடி, தனக்கென்று ஒரு தேதி வாங்கி, எல்லாருக்கும் கடைசியில் போய் நிற்க வேண்டும். லாஸ்யாவுக்குச் செப்டம்பர் இருபதாம் தேதி இருபத்தொன்று. ஆனால் ஒரு விசித்திரக் கணக்கு இருந்தது. முதல் தாளுக்குப் பிறகு கம்பெனி போடும் இரண்டாவது மனு அதிகாரியின் மேசையில் எத்தனை நாள் கிடந்ததோ, அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துவிடுவார்கள். அவர்கள் மனு கிடந்தது பன்னிரண்டு நாள். அதனால் லாஸ்யா அக்டோபர் இரண்டு வரைக்கும் இருபதில் இருப்பாள்.

“பன்னண்டு நாள் நான் வாழ்வேன், ஆனா வாழ்ந்ததா எழுதிக்க மாட்டாங்க” என்றாள் லாஸ்யா. கல்லூரியில் புள்ளியியல் கடைசி வருஷம். நாக்கு நீளம். “எனக்கு பதினெட்டு முடிஞ்சதுலேருந்து நீங்க ரெண்டு பேரும் கேக்கே வெட்டல. கேக் வெட்டலன்னா வயசு ஏறாதுன்னு யாரும்மா சொன்னது?”

“வாயை மூடிட்டு பெசரட்டைத் தின்னு.”

“அக்டோபர் பட்டியல் போதும்மா” என்றார் சேஷகிரி. “அக்டோபர்தான் அவங்களுக்கு வருஷப் பிறப்பு. அப்ப கொஞ்சம் தாராளமா நகத்துவாங்க. ஒண்ணாம் தேதி நம்ம கதவு திறந்துட்டா இவ உள்ள வந்துடுவா. ஒரு நாள் மிச்சம் இருக்கு.”

ஒரு நாள் என்கிற சொல் அவர் வாயில் வரும்போதெல்லாம் ஹைமாவின் பார்வை வாசல் பக்கம் போகும்.

செப்டம்பர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டியல் வந்தது. தெருவாசிகளின் வாட்ஸ்அப் குழுவில் செய்திகள் பொரிய ஆரம்பித்தன. ஹைமா கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்தாள். இந்தியா. மார்ச் இருபத்து மூன்று. அவர்களுடைய வருஷம்.

அவர்கள் தேதியேதான். பதின்மூன்று வருஷம் சமையலறையில், காரில், கனவில் பார்த்த அதே எண், அரசாங்கத்தின் தாளில் அச்சாகியிருந்தது.

“ஏமண்டீ!” என்று அவள் கத்திய கத்தலில் சேஷகிரி மாடியிலிருந்து காலில் செருப்பில்லாமல் ஓடிவந்தார். “வந்துடுச்சு! நம்ம தேதி! நம்ம தேதியே போட்டிருக்கான், பாருங்க!” அவள் அழுதாள், சிரித்தாள், அரிசி டப்பாவைத் திறந்தாள். பரமான்னம் பண்ண வெல்லம் இருக்கிறதா என்று அலமாரியில் துழாவினாள்.

பின்னால் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். சேஷகிரி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகம் ஒரே கணக்கை மாற்றி மாற்றிக் கூட்டிப் பார்க்கிறவரின் முகமாக இருந்தது.

“ஹைமா, அந்தத் தேதிக்கு முன்னாடி போட்டவங்களுக்குத்தான் கதவு. அந்தத் தேதிக்காரங்களுக்கு இல்ல.”

“நம்ம தேதிதானே போட்டிருக்கு?”

“நம்ம தேதியில நிறுத்தியிருக்காங்க. நமக்கு முதல் நாள் வரைக்கும் உள்ள விட்டுட்டு, நம்ம மூஞ்சிக்கு நேரா நிறுத்திட்டாங்க.”

டப்பாவிலிருந்து எடுத்த அரிசி அவள் கையிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை மறுபடி டப்பாவிலேயே போட்டாள்.

அடுத்த பட்டியல் நவம்பருக்கு. அதில் ஒரு நாளாவது நகரும். அந்த வீட்டில் மூன்று பேர். வரப்போவது இரண்டு அட்டை.

*

சனிக்கிழமை பிறந்தநாள். காலையில் ஹைமாவும் லாஸ்யாவும் மளிகைக் கடைக்குப் போனார்கள். கடையின் கண்ணாடிக் கதவு ஆள் வந்தால் தானாகத் திறக்கும். லாஸ்யா முன்னால் போனாள். அது திறக்கவில்லை. அவள் ஓர் அடி பின்னால் வந்து மறுபடி முன்னால் போனாள். கையை மேலே ஆட்டினாள். கதவு அசையாமல் நின்றது. அதில் அவள் பிம்பம்கூட வெயிலில் வெளுத்துப் பாதிதான் தெரிந்தது. ஹைமா நெருங்கியதும் கதவு சரேலென்று விலகியது.

“பன்னண்டு நாள் இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு போலிருக்கு” என்றாள் லாஸ்யா. அவள் சொன்னதற்கு அவளே சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஞானவேல் வந்தார், கையில் இனிப்புப் பெட்டியோடு. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். படியில் நின்று செருப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

“உள்ள வாய்யா, சீனியர்” என்றார் சேஷகிரி.

“சத்தியமா சந்தோஷமா வரலைங்க, சேஷு காரு. வராம இருந்தா தப்பாயிடும்னுதான் வந்தேன். சிஸ்டர், ஒண்ணும் வேணாங்க, காபியெல்லாம் வேணாம்.”

அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். எதைப் பேசுவது என்று தெரியாமல் கறிவேப்பிலை நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு தாங்க முடியாமல் அதற்கே வந்தார்.

“மனசு ஆறலைங்க. ஒரே ஒரு நாளு! அன்னைக்குப் பத்தரை மணி வாக்குல அந்த டோனா பொண்ணு எனக்கு போன் பண்ணுச்சு. ‘உங்க ரெண்டு பேரு படிவமும் என் கையில இருக்கு, சரின்னா இப்பவே போட்டுடறேன்’னுச்சு. அமாவாசை, நல்ல நாளு, போடும்மான்னேன். ‘அடுத்தது சேஷகிரி வீட்டுக்குத்தான்’னு சொல்லிட்டுத்தாங்க வெச்சா. ஏன் கூப்பிடாம போனா? நான் இத்தனை வருஷமா கேலி பண்ணிக்கிட்டு இதைக் கேக்கவே இல்ல பாருங்க.”

“மறுநாள் காலைல சரின்னு சொல்லணும்னுதான் எனக்குத் தகவல் வந்துச்சு” என்றார் சேஷகிரி. “படிவம் வெள்ளிக்கிழமைதான் தயாராச்சுன்னு நினைச்சேன். அன்னைக்கே போடவான்னு கேட்டு அவ கூப்பிடவே இல்ல.”

“கூப்பிட்டா” என்றாள் ஹைமா.

சமையலறை நிலைப்படியில் நின்று சொன்னாள். குரல் தன்னுடையதுபோல இல்லை. பதின்மூன்று வருஷம் ஒரே இடத்தில் நின்றதில் அது கரகரத்துப் போயிருந்தது.

“பத்து முப்பத்தேழுக்குக் கூப்பிட்டா. நான்தான் இன்னைக்கு வேணாம், நாளைக்குன்னு சொன்னேன். உங்ககிட்ட சொல்லல.”

ஞானவேல் எழுந்தார். “நான் வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்” என்று யாருக்குமில்லாமல் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டாமலே கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனிப்புப் பெட்டி மேசையிலேயே இருந்தது.

மாடிப்படியின் நடுவில் லாஸ்யா உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

“வானத்துல நிலா இல்லன்னுதானாம்மா?” என்றாள். “அதுக்காகவா?”

லாஸ்யா எழுந்து மேலே போனாள். அறைக் கதவை அவள் அறைந்து சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சாத்தினாள்.

சேஷகிரி திட்டவில்லை. இனிப்புப் பெட்டியின் மேலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“அந்த இரண்டாவது மனு இருக்கே, அது சும்மா விட்டிருந்தா அதிகாரி மேசைல ஆறேழு மாசம் கிடந்திருக்கும். அத்தனையையும் இவ வயசுலேருந்து கழிச்சிருப்பாங்க. நான்தான் கூடுதல் கட்டணம் கட்டி, சீக்கிரம் பாருன்னு கெஞ்சி, பன்னண்டே நாள்ல வாங்கினேன். கேசரி பண்ணச் சொன்னேனே உன்னை, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“நாலு வருஷமா எனக்கு இது தெரியும். நானும் உன்கிட்ட சொல்லல.” அவர் பெட்டியைத் தள்ளிவைத்தார். “நீ ஒரு நாள் நிறுத்தினே. நான் ஆறு மாசத்தைத் துரத்தி விட்டேன். நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல அவ மாட்டிக்கிட்டா.”

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. சேஷகிரி எள்ளும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு தர்ப்பணம் கொடுக்கக் காலையிலேயே கோயிலுக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு லாஸ்யா கீழே வந்தாள். கண் வீங்கியிருந்தது. மேசையில் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, ஞானவேலின் பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்துக் கடித்தாள்.

“பழசு” என்றாள். “சீனியர் மாமா தள்ளுபடில வாங்கியிருக்காரு.”

ஹைமா எல்லாவற்றையும் சொன்னாள். கறுப்பு வட்டங்களை, பிப்ரவரிப் பனியை, பதினான்கு மாதத்தை. லாஸ்யா நாட்காட்டியைப் புரட்டினாள், அம்மாவின் கைப்பேசியில் பழைய பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“பதினாலு தடவை. பதினாலும் அதே நிமிஷம். இது அணில் இல்லம்மா.”

“இல்ல.”

“இலை இல்ல. வெயில் இல்ல.” அவள் மணியைப் பார்த்தாள். பத்து இருபத்தெட்டு. “யாருன்னு நினைக்கறே?”

“யாரு இல்ல. அந்த நாள்தான். வேணாம்னு சொல்லி அனுப்பினேனே, அது. போக இடமில்லாம வாசல்லயே நிக்குது.”

வேறு எந்த நாளாக இருந்தாலும் லாஸ்யா இதற்கு ஒரு வாரம் கேலி செய்திருப்பாள். இப்போது கைப்பேசியை எடுத்து மேசையின் நடுவில், இருவருக்கும் தெரியும்படி மல்லாத்தி வைத்தாள். இருவரும் காத்திருந்தார்கள். காத்திருப்பது அந்த வீட்டில் யாருக்கும் புதிதில்லை. ஆனால் இவ்வளவு குறுகிய நேரத்துக்கு இத்தனை கனம் இருக்கும் என்று ஹைமா அறிந்ததில்லை. வெளியே எந்தக் கார்க் கதவும் சாத்தப்படவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைக்கவில்லை.

பத்து முப்பத்தேழு. கைப்பேசி அதிர்ந்து, மேசை மேல் ஒரு விரற்கடை நகர்ந்தது.

‘உங்கள் வாசலில் லாஸ்யா நிற்கிறார்.’

படம் விரிந்தது. இரண்டு படிகள். கால்மிதி. கறிவேப்பிலைத் தொட்டி. ஆள் இல்லை.

லாஸ்யாவின் கையிலிருந்த மைசூர்பாகு உதிர்ந்தது. திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் தன் கைகளைப் பார்த்தாள்.

“அம்மா, நான் இங்கதானே இருக்கேன்?”

“இருக்கே.”

“தொட்டுப் பாரேன்.”

ஹைமா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். குளிர்ந்திருந்தது. ஆனால் நாடி அடித்தது. பிடித்த கையை விடாமலே எழுந்தாள். லாஸ்யாவும் கூடவே எழுந்து வந்தாள். ஹைமா தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தாள், சுவரில் முட்டுகிற மட்டும். வெயில் உள்ளே வந்தது. வேறொன்றும் வரவில்லை. ஆனாலும் அவள் ஓர் ஆள் நுழைகிற அளவு ஒதுங்கி வழிவிட்டாள்.

“வாம்மா” என்றாள் வெறும் படியைப் பார்த்து. “அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும். உள்ள வா.”

கதவை அவள் மூடவில்லை. இருவரும் மேசைக்குத் திரும்பி, திறந்த வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கை இன்னும் கையில் இருந்தது. இலைகள் இரண்டு உருண்டு உள்ளே வந்தன. பதினொன்றரைக்குச் சேஷகிரியின் கார் வந்து நின்றது. நெற்றியில் விபூதி கலைந்து, ஈர வேட்டியோடு அவர் படியேறினார். திறந்த கதவையும் உள்ளே உட்கார்ந்திருந்த இருவரையும் கண்டதும் நின்றார். மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“எள்ளும் தண்ணியும் விடற நேரத்துல போன் அடிச்சுது, நீ வாசல்ல நிக்கறேன்னு” என்றார். “பாதி மந்திரத்துல எழுந்து வர முடியல. சாவியை மறந்துட்டுப் போனியா? இவ்வளவு நேரமா வெளியவா நின்னே? அம்மா கதவைத் திறக்கலையா?”